கோபமா, நோரீன்?

இருபத்தாறு வருடமாக லிமரிக் நகரில் பஸ் ஓட்டுகிறேன்.
தலைக்கு மேலே நீளக் கண்ணாடி.
அதில் ஏறியவர்கள் முகமெல்லாம் தெரியும்,
ஓரத்தில் என்னுடையதும்.
எனக்கு யார்மேலும் கோபமில்லை.
ஆனாலும் சில்லறை போடும்போதே கேட்பார்கள்:
"கோபமா, நோரீன்?"
கொடியில் போட்ட ஈரச் சட்டையின் கைகள் மாதிரி
வாயின் இரண்டு முனையும் தொங்கிவிட்டன.
டிக்கெட்டோடு சேர்த்து
ஆளுக்கொரு "இல்லை"யும் கிழித்துக் கொடுத்தேன்.

சமையலறையை மாற்றச் சேர்த்த பணம்.
அலமாரிக் கதவு இன்னும் கயிற்றில்தான் நிற்கிறது.
நான் இஸ்தான்புல் போனேன்.

டாக்டர் ஊதாப் பேனாவால் கோடு போட்டார்,
காதின் முன்புறம் இறங்கி
மடலைச் சுற்றி வளைந்து
பிடரி முடிக்குள் மறைகிற கோடு.
வேறு யாருக்கும் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்தது:
வழித்தடம்.
நூறிலிருந்து பின்னால் எண்ணச் சொல்கிறார்கள்
என்று நுர்செல் மொழிபெயர்த்தாள்.
நான் நிறுத்தங்களை எண்ணினேன்.
ஆஸ்பத்திரி, கான்வென்ட், கல்லறை வாசல்,
பால் தொழிற்சாலை
அதற்குமேல் வண்டி போகவில்லை.

ஷிஷ்லியில் ஹோட்டல்.
காலைச் சாப்பாட்டுக்கு இறங்கினால்
ஒரே சண்டையில் அடிவாங்கிய கூட்டம் போல நாங்கள்.
நெற்றியில் கறுப்புப் பட்டை கட்டிய ஆண்கள்,
உச்சந்தலை நாற்றங்கால் மாதிரி,
புள்ளி புள்ளியாய் ரத்தம் காய்ந்து.
பரிமாறுகிற ஜெமில் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை.
வாய் திறக்காதவர்களுக்குப் பருப்பு சூப்,
கூடவே குழந்தைகளின் கரண்டி,
கேட்காமலே.

பத்து நாள் சிரிக்கக் கூடாது.
தாளில் அடிக்கோடிட்டுக் கொடுத்திருந்தார்கள்.
என் அறையிலோ டாங்குவோலே.
கிளைபேடாவில் மீன் டப்பா அடைக்கிறவள்,
மூக்கில் மாவுக்கட்டு.
என் மொழியில் அவளுக்கு நாற்பது சொல் தெரியும்,
அவள் மொழியில் எனக்கு ஒன்று: ஸ்கவுதா,
வலிக்கிறது.
தன் கையிலிருந்த எள் ரொட்டியைக் கடற்காகம் பறித்ததை
அவள் நடித்துக் காட்டினாள்.
ஒரு முறை அவளாக, ஒரு முறை காகமாக,
ஒரு முறை ரொட்டியாக.
நாங்கள் இரண்டு கையாலும்
முகத்தை ஏந்திப் பிடித்துக்கொண்டோம்
சிந்திவிடும் என்பதைப் போல.
ஸ்கவுதா, ஸ்கவுதா.

மூக்கு எப்படி வளைந்தது என்று
ஐந்தாம் இரவு சொன்னாள்.
சொல் எதுவும் தேவைப்படவில்லை.
விரல்களை மடக்கிக் காட்டினாள்,
பிறகு மோதிரம் இருந்த இடத்தை.
தலையணைகளில் சாய்ந்தபடி,
படுக்கவும் முடியாமல்,
விடியும்வரை டிராம் சத்தம் கேட்டோம்.

திரும்பி வந்தேன்.
பாஸ்போர்ட் பார்த்தவன் படத்தைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
"நல்ல ஓய்வு போலிருக்கிறதே" என்றான்.
இடது காது இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது.
சீப்பு பட்டால் உறைப்பதில்லை,
சத்தம் மட்டும் கேட்கிறது.
பஸ்ஸில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

அக்டோபரில் ஒன்பது நாற்பது வண்டியை நிறுத்தினார்கள்.
ஆஸ்பத்திரி கூட்டித் துடைக்கிற பெண்கள்
வீடு போகிற கடைசி வண்டி.
மேலாளர் அறையில் நின்றேன்,
அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது,
முழங்கால் ஆடியது.
அவர் எழுந்து கைகுலுக்கினார்:
"நீங்களாவது புரிந்துகொண்டீர்கள், நோரீன்.
முகத்திலேயே தெரிகிறது."

அந்த வண்டியைக் கடைசியாய் ஓட்டிய இரவு
கண்ணாடியில் நான்கு பெண்கள், தூக்கத்தில்.
ஓரத்தில் சாந்தமாக ஒருத்தி.
பாலத்தின் மேல் ஆளில்லை, வண்டியில்லை.
ஹாரனை அழுத்தினேன்,
அழுத்திக்கொண்டே இருந்தேன்.
நால்வரும் விழித்தார்கள்.
ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து
இருட்டை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"குறுக்கே என்ன வந்தது?"